ஈஸ்ட் பாயின்ட்டில் அம்மாவுக்குத் துணையாக ஏறியவருக்கு நன்றி

கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில், ஈஸ்ட் பாயின்ட் மரக் கலங்கரை விளக்கத்தில் எங்கள் அம்மாவுக்கு உதவிய பெண்மணிக்கு மனமார்ந்த நன்றி. முட்டிவலியால் அம்மா பாதியிலேயே நின்றுவிட்டார். அவசரமில்லை என்று சொல்லி, பின்னாலேயே நின்று, முதுகில் ஒரு கையை வைத்தபடி படிப்படியாக ஏற்றிவிட்டீர்கள். மூச்சு வாங்க நின்ற இடத்திலெல்லாம் கோபுரத்தின் கதையையும் சொன்னீர்கள். 1867-இல் கட்டிய கோபுரம். 1882-இல் ஃபீனிக்ஸ் என்ற போர்க்கப்பல் பக்கத்தில் பாறைத்திட்டில் மோதிச் சிதைந்ததால், 1885-இல் கோபுரத்தை நிலமுனைக்கு நெருக்கமாக நகர்த்தினார்களாம். மரம் என்பதால்தான் முடிந்தது! கல் கோபுரமென்றால் நடக்கிற காரியமா? அப்புறம் கடல் கரையை அரிக்க, 1908-இல் மறுபடி உள்ளே தள்ளி வைத்தார்கள். உங்கள் பெயரைக் கேட்பதற்குள் அடுத்த கூட்டம் வந்துவிட்டது. பார்க்கிறவர்களிடமெல்லாம் அம்மா உங்களைப் பற்றித்தான் சொல்கிறார்.