கூட்ஸுக்குத் தனிப் பாதை கொடுங்கள்

சென்னை வடக்குப் புறநகர் ரயில் பாதையின் திட்டப் பணிகளைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1979இல். அன்றைய மீஞ்சூரும் பொன்னேரியும் வேறு. இன்று அத்திப்பட்டைச் சுற்றி அனல்மின் நிலையங்கள், 2001 முதல் எண்ணூர்த் துறைமுகம், அந்தக் கோடியில் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை. காலைக் கூட்டம் சென்னைப் பக்கம் மட்டுமா போகிறது? ஷிப்டுக்குப் போகிறவர்கள் வடக்கே ஏறுகிறார்கள். மீன்கூடைக்காரப் பெண்களுக்கு, வியாபாரிகள் சரக்கோடு ஏறும் வெண்டர் பெட்டியை விட்டால் வேறு வழியில்லை. வண்டி அரை மணி தாமதமானால் ஐஸ் உருகி, அன்றைய விலையே இறங்கிவிடும்.

சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாள்வது உயர் நீதிமன்ற உத்தரவால் 2011இல் நின்றது. கரித்தூசியில் மூச்சுத் திணறிய ராயபுரம் பக்கத்து மக்களுக்கு அது பெரிய விடுதலை. தீர்ப்பு நூற்றுக்கு நூறு நியாயம். ஆனால் அந்தச் சரக்கு எண்ணூருக்கு வந்தபோது அதன் பாரம் எங்கள் பாதையில் இறங்கியது. மேட்டூர் அனல்மின் நிலையத்துக்கான நிலக்கரி இங்கிருந்துதான் வேகன் வேகனாகப் புறப்படுகிறது. கன்டெய்னர்களும் கார்களும் அதே துறைமுகத்துக்கு வந்து போகின்றன. சரக்கு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. லாரியில் போவதைவிட அது ரயிலில் போவதே நாட்டுக்கு நல்லது.

சிக்கல் தண்டவாளத்தில் இருக்கிறது. அத்திப்பட்டு தாண்டினால் அப் லைன் ஒன்று, டவுன் லைன் ஒன்று, அவ்வளவுதான். டெல்லி, ஹவுரா எக்ஸ்பிரஸ்களும், ஆந்திராவிலிருந்து வரும் கூட்ஸும், எங்கள் லோக்கலும் அந்த இரண்டில்தான் ஓடியாக வேண்டும். கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் யாரையாவது நிறுத்தித்தான் தீர வேண்டும். நிறுத்த எளிதானது லோக்கல்.

2024 அக்டோபர் 11 இரவு கவரைப்பேட்டையில் பாக்மதி எக்ஸ்பிரஸ், வண்டிகளை ஒதுக்கி நிறுத்தும் லூப் லைனுக்குள் புகுந்து, அங்கே நின்றிருந்த கூட்ஸ் மீது மோதியது. உயிர்ப்பலி இல்லாமல் போனது பெரும் பேறு. விபத்தின் காரணம் தனி விஷயம். மறுநாள் பொன்னேரி, கும்மிடிப்பூண்டி மக்களுக்கு மாற்றுத் தடம் என்று எதுவுமே இல்லை என்பதைத்தான் இங்கே சொல்ல வருகிறேன். பெட்டிகள் அப்புறப்படுத்தப்படும் வரை ஜிஎன்டி சாலை என்கிற கொல்கத்தா நெடுஞ்சாலையில் போகும் பஸ்தான் கதி.

அத்திப்பட்டு – கும்மிடிப்பூண்டி மூன்றாவது, நான்காவது பாதை பற்றிப் பல வருடமாகப் பேச்சு நடக்கிறது. அதை மற்ற எல்லா வேலைக்கும் முன்னால் வையுங்கள். நடைமேடைக்குக் கூரையும் லிஃப்ட்டும் வேண்டியவைதான், மறுக்கவில்லை. ஆனால் வண்டியே வராத நடைமேடையில் கூரை போட்டு என்ன பயன்? நிலம் எடுப்பதில் சிக்கல் இருந்தால் எந்த ஊரில் எவ்வளவு பாக்கி என்று ஸ்டேஷன் பலகையிலேயே எழுதிப் போடுங்கள். ஊராட்சிகளிடமும் சட்டமன்ற உறுப்பினர்களிடமும் நாங்களே போய்க் கேட்கிறோம்.

பாதை வரும்வரை, காலை 7 முதல் 10 வரையும் மாலை 5 முதல் 8 வரையும் அத்திப்பட்டுக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவே கூட்ஸ் வண்டிகளை விடாதீர்கள். லோக்கலை வழியில் நிறுத்த வேண்டி வந்தால், எவ்வளவு நேரம் என்பதை ஒலிபெருக்கியில் தமிழில் சொல்லச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பொன்னேரியிலிருந்து ஒரு சீசன் டிக்கெட் பயணி