மேற்கோள் எண்ணிக்கை சொல்லாதவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கரிம வேதியியல் ஆய்வாளர் ஒருவரைப் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த அறிமுகக் கட்டுரையைப் படித்தேன். அறிவியலாளர் ஒருவருக்கு இத்தனை பக்கங்களை ஒதுக்கியதற்குப் பாராட்டுகள். ஆனால் அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரைகள் எத்தனை, அவற்றுக்குக் கிடைத்த மேற்கோள்கள் (பிற ஆய்வுக் கட்டுரைகள் அவற்றைச் சுட்டிய தடவைகள்) எத்தனை, ஹெச்-இன்டெக்ஸ் எவ்வளவு என்பதையெல்லாம் கட்டம் கட்டிப் போட்டிருந்த அக்கட்டுரையில், அவர் ஆய்வகத்தில் தொகுத்து உருவாக்கிய ஒரு சேர்மத்தின் பெயரோ, கண்டறிந்த ஒரு வினையின் விவரமோ ஓரிடத்திலும் இல்லை. கரிம வேதியியலைக் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் இது குறித்துச் சில சொல்ல விரும்புகிறேன்.

ஹெச்-இன்டெக்ஸ் என்பது இயற்பியலாளர் ஹோர்கே ஹிர்ஷ் 2005இல் முன்வைத்த அளவுகோல். ஒருவருடைய கட்டுரைகளில் நாற்பது கட்டுரைகள் தலா நாற்பது மேற்கோள்களையாவது பெற்றிருந்தால், அவர் நாற்பது என்ற எண்ணை எட்டிவிட்டார் என்று பொருள். துறைக்குத் துறை இது மாறுபடும் என்பதை ஹிர்ஷே குறிப்பிட்டிருக்கிறார். கரிம வேதியியலிலோ, ஒரே துறைக்குள்ளேயே இந்த எண் தடுமாறுகிறது. சிலிகா ஜெல் நிரப்பிய கண்ணாடிக் குழாயில் காற்றழுத்தம் கொடுத்துச் சேர்மங்களை விரைவாகப் பிரிக்கும் முறையைக் கிளார்க் ஸ்டில்லும் உடன் பணியாற்றிய இருவரும் 1978இல் வெளியிட்டார்கள். கரைப்பான்களின் மிச்சம், மூலக்கூறின் அமைப்பை அறிய உதவும் என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) நிறமாலையில் எந்த இடத்தில் தலைகாட்டும் என்பதற்கான அட்டவணைக் கட்டுரை ஒன்று 1997இல் வந்தது. இரண்டுமே ஆயிரக்கணக்கான மேற்கோள்களைப் பெற்றவை, பெறத் தகுந்தவையும்கூட. (அந்த அட்டவணையின் நகலைச் சுவரில் ஒட்டாத என்.எம்.ஆர். அறையை நான் பார்த்ததே இல்லை.) மறுபுறம், கரிம வேதியியலாளர்களான வுட்வர்டும் எஷன்மோசரும் ஏறத்தாழ நூறு ஆய்வாளர்களோடு பத்தாண்டுக்கும் மேல் உழைத்து முடித்த வைட்டமின் பி12 தொகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். வுட்வர்டு தரப்பின் பணி பெரும்பாலும் அவருடைய சொற்பொழிவுகளின் அச்சு வடிவிலேயே கிடைக்கிறது. சோதனை விவரங்கள் அடங்கிய முழுக் கட்டுரையாக அது வெளிவரவே இல்லை. மேற்கோள் எண்ணிக்கையை மட்டும் பார்க்கிறவருக்கு இவற்றுக்கிடையிலான வேறுபாடு எப்படித் தெரியும்?

நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு, 1901இல் சென்னையில் பிறந்த வேதியியலாளர் கே. வெங்கடராமன். மான்செஸ்டரில் கரிம வேதியியலாளர் ராபர்ட் ராபின்சனிடம் பயின்று, லாகூரில் பணியாற்றியபோது, மஹல் என்ற உடன் ஆய்வாளரோடு சேர்ந்து அவர் கண்ட வினையே இன்று பேக்கர்–வெங்கடராமன் மாற்றம் என்று வழங்கப்படுகிறது. அந்த முதல் குறிப்பு 1933இல் வெளியானது, பெங்களூரில் அதற்கு முந்தைய ஆண்டுதான் தொடங்கப்பட்டிருந்த கரன்ட் சயன்ஸ் இதழில். பிரிடினில் கரைத்த எஸ்டரில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடைச் சேர்த்துக் கலக்கினால் மஞ்சள் நிற உப்பு படிந்து இறுகிவரும். அதை அமிலமாக்கிக் கிடைக்கும் டைக்கீட்டோனை மேலும் அமிலத்தோடு சூடாக்கினால், தாவர நிறமிகள் பலவற்றுக்கு அடிப்படையான ஃபிளேவோன் கிடைக்கும். எம்.எஸ்சி. மாணவர்கள் இன்றும் செய்து பார்க்கும் சோதனை இது. ஃபிளேவோன்களைத் தொகுக்கும் ஆய்வுக் கட்டுரைகள் பலவற்றில் அவர் பெயர் வினையின் பெயராக வருகிறதே தவிர, மேற்கோள் பட்டியலில் 1933ஆம் ஆண்டுக் குறிப்பு வருவதில்லை. அந்த இடத்தில் பாடநூலோ, பிறருடைய ஆய்வுகளைத் திரட்டித் தரும் அண்மைய மறுஆய்வுக் கட்டுரையோ இருக்கும். பெயர் நிலைத்துவிட்டால் மேற்கோள் நின்றுவிடும் என்பது இக்கணக்கு முறையின் விநோதம். பின்னாளில் புணே தேசிய வேதியியல் ஆய்வகத்தின் முதல் இந்திய இயக்குநராக 1957இல் பொறுப்பேற்ற அவரை, இன்றைய பணி நியமனக் குழு ஒன்று எந்த அட்டவணையில் அடைக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

வெளிநாட்டிலும் நிலைமை வேறல்ல. அமெரிக்க வேதியியலாளர் ரிச்சர்ட் ஹெக், பல்லேடியம் என்ற உலோகத்தைக் கொண்டு நிகழும் வினைகளைப் பற்றி 1968இல் தாம் ஒருவரே ஆசிரியராக ஏழு கட்டுரைகளை அடுத்தடுத்து வெளியிட்டவர். ஆய்வு நிதி வற்றிப்போனதால் 1989இல் டெலவேர் பல்கலைக்கழகத்திலிருந்து முன்கூட்டியே ஓய்வுபெற்றார். நோபல் பரிசு வந்தது 2010இல்.

மேற்கோள் எண்ணிக்கையே கூடாது என்பது என் வாதமன்று. ஒரு முறையை எத்தனை ஆய்வகங்கள் கையாளுகின்றன என்பதற்கு அது ஓரளவு சான்றுதான். ஆயினும், அந்த மேற்கோள்களில் மறுஆய்வுக் கட்டுரைகளுக்கு வந்தவை எத்தனை, தம்மைத் தாமே மேற்கோள் காட்டியவை எத்தனை என்று பிரித்துச் சொல்லாத மொத்தத் தொகையால் வாசகருக்குப் பயனில்லை. இனி இத்தகைய அறிமுகங்களை வெளியிடும்போது, அந்த ஆய்வாளரின் ஒரே ஒரு வினையையாவது கட்டமைப்புப் படத்துடன் விளக்குமாறு கட்டுரையாளர்களிடம் தாங்கள் கேட்க வேண்டும். அதற்கு அரைப் பக்கம் போதும். தேவைப்பட்டால் எண்களைப் போட்ட கட்டத்தை எடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியர்,
திருச்சிராப்பள்ளி.