நடனம் அமைக்கக் கற்றுத்தரும் பட்டப்படிப்பு குமரி மாவட்டத்துக்கு வேண்டும்: பல்கலைக்கழகக் கல்விக்குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் அவர்களுக்கும் கல்விக்குழு உறுப்பினர்களுக்கும், மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டக் குழுவினருக்கும்,

வணக்கம்.

தக்கலை வட்டாரத்தில் பல ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குப் பரதநாட்டியம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். வெளியூர் சென்று பல்கலைக்கழகத்தில் நடனத்தில் முதுகலை படித்துத் திரும்பியவள் என்பதால், அந்தப் படிப்பு தந்ததையும் தராமல் விட்டதையும் உள்ளிருந்து அறிந்த நிலையில் இம்மடலை எழுதுகிறேன். என் வேண்டுகோள் ஒன்றே. குமரி மாவட்டத்தில், அரசுக் கட்டணத்தில், நடனத்துக்கு ஒரு பட்டப்படிப்பு தொடங்கப்பட வேண்டும். அதன் நடுப்பாடமாக, முதல் பருவத்திலிருந்து கடைசிப் பருவம் வரை, நடன அமைப்பு (கோரியோகிராஃபி) இருக்க வேண்டும்.

இரண்டாவது பகுதியையே நான் அழுத்திச் சொல்கிறேன். நன்றாக ஆடுகிற பிள்ளைகளுக்கு இம்மாவட்டத்தில் குறைவில்லை. பள்ளிக் கல்வித் துறை 2022ஆம் ஆண்டிலிருந்து நடத்திவரும் கலைத் திருவிழாவுக்கு மேடைக்குப் பின்னால் நின்று பார்த்த எவரும் இதை ஒப்புக்கொள்வார்கள். ஒரு ஜதியை (தாளச் சொற்கட்டை) இருமுறை கேட்டால் மூன்றாம் முறை காலில் பேசவைக்கும் பிள்ளைகள், மீனவக் கிராமங்களிலிருந்தும் ரப்பர்த் தோட்டங்களை ஒட்டிய பள்ளிகளிலிருந்தும் வருகிறார்கள். ஆனால் அந்தப் பிள்ளைகள் ஆடும் நடனத்தை அமைப்பவர் யார்? பெரும்பாலும் விளையாட்டு ஆசிரியரோ தமிழாசிரியரோதான் அந்தப் பொறுப்பைத் தலையில் சுமக்கிறார்கள். கைப்பேசியில் ஒரு திரைப்பாட்டை ஓடவிட்டு, அதில் ஆடுகிறவர்களின் அசைவுகளைப் பார்த்துப் பார்த்துப் பிள்ளைகளிடம் ஏற்றிவிடுவதைத்தான் நாங்கள் ‘டான்ஸ் செட் பண்ணுவது’ என்கிறோம். அந்த ஆசிரியர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க யாரும் இருந்ததில்லை. டான்ஸ் கிளாஸ் நடத்தும் எங்களில் பலருக்கும் இருந்ததில்லை.

நான் படித்த இடத்தில் அலாரிப்பிலிருந்து தில்லானா வரை கச்சேரி வரிசையான மார்க்கம் முழுவதையும் கண்டிப்போடு சொல்லித் தந்தார்கள். அரைமண்டி (முழங்கால் மடக்கி நிற்கும் நிலை) சரியாமல் இருக்கவும், கைத்தாளம் தட்டி ஜதி சொல்லி ஆட்டத்தை நடத்தும் நட்டுவாங்கம் செய்யவும், ஒரு பதத்தின் வரியைப் பத்து விதமாக அபிநயிக்கவும் அங்கேதான் கற்றேன். அதற்கு என்றும் நன்றியுடையவள். ஆனால் நடன அமைப்பு என்பது கடைசிப் பருவத்தில் ஒரு தாளாக மட்டும் இருந்தது. அந்தத் தாளையும் மூன்று மணி நேர எழுத்துத் தேர்வாகவே நடத்தினார்கள். எட்டுப் பேரை ஒரு மேடையில் எங்கே நிறுத்துவது, எப்போது ஒருவரை மட்டும் அசையவிட்டு மற்றவரை அசையாமல் வைப்பது, பாட்டு நின்ற பிறகும் உடல் தொடரலாமா, மேடையின் மூலையில் நிற்பவருக்குப் பார்வையாளர் கண்ணில் என்ன எடை கிடைக்கிறது என்பன போன்ற கேள்விகளை நான் வேலைக்கு வந்த பிறகே, பிள்ளைகளை வைத்துக்கொண்டு, தட்டுத்தடுமாறித் தெரிந்துகொண்டேன். ஒரு பட்டதாரி இவற்றைப் பல்கலைக்கழகத்திலேயே கற்று முடித்திருக்க வேண்டும்.

இது மேல்நாட்டுச் சரக்கு, நம் மரபுக்கு ஒவ்வாதது என்று குழுவில் யாரேனும் சொல்லக்கூடும். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் புரட்டினால் அந்த ஐயம் தீரும். மாதவி ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டுகள் பயின்றாள் என்று சொல்லும் இளங்கோவடிகள், அவளுடைய ஆடலாசிரியன் ஒருவனோடு நிற்பதில்லை. இசையாசிரியன், பாட்டு யாக்கும் புலவன், தண்ணுமை ஆசிரியன், குழலோன், யாழாசிரியன் என ஒவ்வொருவரும் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறார். அதன்பின் அரங்கத்துக்கு வருகிறார்: அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், உயரம் ஒரு கோல், மூவகைத் திரைகள், தூண்களின் நிழல் ஆடுபவள் மேல் விழாதபடி நிறுத்தப்பட்ட விளக்குகள். விளக்கின் நிழலைக்கூடக் கணக்கில் எடுத்துக்கொண்ட ஒரு மரபின் வாரிசுகளான நாம், ஒளியமைப்பையும் மேடை வெளியையும் நடனப் படிப்புக்கு வெளியே வைத்திருப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

நம் காலத்திலும் முன்மாதிரிகள் உண்டு. மாஸ்கோவில் நடன அமைப்பு பயின்று திரும்பிய மாயா ராவ், அதை ஒரு பாடமாகவே இந்தியாவில் நிலைநிறுத்தினார். பெங்களூரில் அவர் நடத்திய நிறுவனத்தில் அது பட்டப்படிப்பாகவே வளர்ந்தது. சென்னையில் சந்திரலேகா 1985ஆம் ஆண்டு ‘அங்கிகா’வை மேடையேற்றியபோது, பரதநாட்டியத்தின் அடவுகளையும் (அடிப்படை ஆட்ட அசைவுகளையும்) கேரளத் தற்காப்புக் கலையான களரிப்பயிற்றின் உடல்மொழியையும் யோகத்தையும் அருகருகே வைத்து, பெரும்பாலும் தனியாள் ஆட்டமாகவே பார்த்துப் பழகியிருந்த ஒரு கலையைக் குழுவின் கலையாகக் காட்டினார். அவர் செய்ததை அப்படியே ஏற்க வேண்டும் என்பதில்லை. அப்படி ஒருவர் எண்ணிச் செயல்படுவதற்கான கருவிகளை மாணவருக்குத் தருவதுதான் பாடத்திட்டத்தின் வேலை.

இனி, இதற்கு ஏன் குமரி மாவட்டம்? எங்கள் ஊர் எங்களுக்கு உசத்தி என்பதால் நான் கேட்கவில்லை. இம்மாவட்டத்தில் ஆடப்படும் களியலை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் குத்துவிளக்கு எரிகிறது. அதைச் சுற்றி வட்டமாக நிற்பவர்களின் இரு கைகளிலும் குறுங்கழிகள். ஆசான் கைத்தாளம் தட்டிப் பாடலை எடுத்துக்கொடுக்க, ஆடுபவர்கள் அதைத் திருப்பிப் பாடிக்கொண்டே முன்னால் நிற்பவருடைய கழியில் ஓர் அடி, திரும்பிப் பின்னால் நிற்பவருடைய கழியில் ஓர் அடி என்று மாற்றி மாற்றி அடித்து, குனிந்தும் நிமிர்ந்தும் சுழன்றும் வட்டத்தில் நகர்கிறார்கள். மெதுவாகத் தொடங்கிய காலம் கூடிக்கொண்டே போகிறது. ஒருவர் அரை மாத்திரை பிந்தினால் வட்டம் முழுவதும் குலைந்துவிடும். அடி இருபுறமும் இணை சேர வேண்டும் என்பதால் ஆட்டக்காரர் எண்ணிக்கை ஒற்றைப்படையாகிவிட்டால் அமைப்பையே மாற்றியாக வேண்டும். குழு, வெளி, காலம், தாளம் என்று நடன அமைப்பின் அடிப்படைகள் அத்தனையும் இந்த ஒரே ஆட்டத்தில் கண்முன் நிற்கின்றன. இராமாயணக் கதைக்கும் இயேசுவின் பிறப்புக்கும் இதே கழிகள்தான் ஒலிக்கின்றன என்பது இம்மாவட்டத்தின் சிறப்பு.

இந்த ஆட்டத்தை ஏட்டில் எப்படிக் குறிப்பது? ருடால்ஃப் லாபான் 1928இல் வெளியிட்ட அசைவுக் குறியீட்டு முறையை உலகெங்கும் நடன மாணவர்கள் பயில்கிறார்கள். அதைப் படிக்கும் ஒரு மாணவி, ஒரு முதிய ஆசானின் முன் அமர்ந்து, களியலின் ஒரு சுற்றைத் தாளில் வரைய முயல்வதே ஒரு பருவத்துக்குப் போதுமான செய்முறைப் பாடம். கோயில் கொடைகளில் நிகழும் கணியான் கூத்தில் அண்ணாவியின் (தலைமைப் பாடகரின்) பாட்டுக்கும் மகுடம் என்ற தோற்கருவியின் ஒலிக்கும் இடையே பெண் வேடமிட்ட இருவர் ஆடும் ஆட்டமும், அடிமுறை என்ற தற்காப்புக் கலை ஆசான்களின் சுவடுகளும் (காலடி முறைகளும்) இதே போல் பதிவுக்கும் ஆய்வுக்கும் காத்திருப்பவை. இவற்றைச் சென்னையில் வகுப்பறையில் காணொளியாகப் பார்ப்பதற்கும், கொடை விழாவின் இரவில் மண்தரையில் அமர்ந்து பார்ப்பதற்கும் உள்ள வேறுபாட்டை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

வரலாறும் இங்கே கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறது. 1956 நவம்பர் 1 அன்று அன்றைய சென்னை மாநிலத்தோடு (இன்றைய தமிழ்நாடு) இணையும் வரை இது திருவிதாங்கூர், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சி மண். பரதநாட்டியக் கச்சேரி முறையை வகுத்த உடன்பிறந்தோரான தஞ்சை நால்வருள் ஒருவராகிய வடிவேலு, திருவிதாங்கூர் அரசர் சுவாதித் திருநாளின் அவையில் அமர்ந்து பணியாற்றிய காலத்தில்தான் தஞ்சையின் ஆட்டமரபும் மலையாள நாட்டின் ஆட்டமரபும் நெருங்கிக் கலந்தன. பத்மநாபபுரம் அரண்மனையின் நவராத்திரி மண்டபத்துக்கு என் மாணவிகளை அழைத்துச் செல்லும்போதெல்லாம், கண்ணாடி போல் மின்னும் அந்தக் கருந்தரையைப் பார்த்துவிட்டு அவர்கள் முதலில் கேட்பது, ‘டீச்சர், இதிலே ஆடினால் வழுக்காதா?’ என்பதுதான். பிறகுதான் மரச் சாளரங்களைக் காட்டுவேன். அரச குடும்பத்துப் பெண்கள் அவற்றின் பின்னால் இருந்து ஆட்டத்தைப் பார்த்தார்கள். ஆடியவளுக்கு எதிரே ஒரு பார்வை, பக்கவாட்டில் மறைந்திருக்கும் இன்னொரு பார்வை. அவள் எந்தப் பக்கம் திரும்பி ஆடியிருப்பாள் என்று கேட்டால் பிள்ளைகள் உடனே எழுந்து நின்று திரும்பிப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். சுசீந்திரம் கோயிலில் ஆடிய தேவதாசியரின் வரலாற்றையும் இதே நேர்மையோடு பாடத்தில் சேர்க்க வேண்டும். அவர்களுடைய கலையை எடுத்துக்கொண்டு அவர்களை மறந்துவிட்ட கதையைச் சொல்லாத நடன வரலாறு அரைகுறையானது.

ஆசிரியர்களுக்கு எங்கே போவது என்ற கேள்வி வரும். களியல் ஆசானிடமும் கணியான் கூத்து அண்ணாவியிடமும் முதுகலைப் பட்டமோ, கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் தேர்ச்சியோ இருக்காது என்பது உண்மை. ஆனால் பல்கலைக்கழக மானியக் குழு 2022ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதல், துறையில் நீண்ட அனுபவம் உள்ளவர்களைப் பட்டம் இல்லாவிட்டாலும் ‘நடைமுறைப் பேராசிரியர்’ என்ற நிலையில், அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் 10 விழுக்காட்டுக்கு மிகாமல் அமர்த்திக்கொள்ள இடம் தருகிறது. தொழில் நிறுவன அதிகாரிகளை மனத்தில் வைத்தே இதைப் பலர் படிக்கிறார்கள். கலைஞர்களையும் அது விலக்கவில்லை. ஆண்டுக்கு ஒரு முறை அழைத்துப் பொன்னாடை போர்த்தி அனுப்பும் விருந்தினராக வைக்காமல், மதிப்பெண் இடும் அதிகாரத்தோடும் மாதச் சம்பளத்தோடும் ஆசான்களை வகுப்பில் அமர்த்துங்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன். பெரும்பாலோர் முதியவர்கள், இதில் காலத் தாழ்வு என்பது இழப்பு.

கட்டடத்தைப் பற்றி ஒன்று. தயவுசெய்து டைல்ஸ் பதித்த அறையை நடன வகுப்புக்கு ஒதுக்காதீர்கள். வெறுங்காலால் நாள்தோறும் மணிக்கணக்கில் தட்டடவு போடுகிற உடலுக்குக் கான்கிரீட் தரை எதையும் திருப்பித் தராது. அடியின் அதிர்ச்சி முழுவதும் கணுக்காலிலும் முழங்காலிலும் இடுப்பிலும் போய் அமர்கிறது. முப்பது வயதுக்குள் முழங்கால் வலியோடு ஆட்டத்தை விட்ட தோழிகள் எனக்கு உண்டு. அடியில் இடைவெளி விட்டுப் பலகை பாவிய, சற்றே நெகிழும் மரத்தரை ஒன்றும், உடற்கூறு சொல்லித்தர ஓர் இயன்முறை மருத்துவரும் இருந்தால், விலையுயர்ந்த மற்றக் கருவிகள் பின்னால் வந்தாலும் போதும்.

சேர்க்கை விதிகளில் அரங்கேற்றத்தைத் தகுதியாக வைக்கக் கூடாது. இன்றைக்கு ஓர் அரங்கேற்றம் என்றால் மண்டபம், பக்கவாத்தியம், உடை, நகை, விருந்து என்று கல்யாணச் செலவு ஆகிறது. அதற்கு வழியில்லாத வீட்டுப் பிள்ளையின் காலில் தாளம் குறைந்துவிடுவதில்லை. களியலோ ஒயிலாட்டமோ சிலம்பமோ அடிமுறையோ பயின்று வந்த ஆண்பிள்ளைகளும், பரதநாட்டியப் பிள்ளைகளுக்குச் சமமாக நுழைவுத் தேர்வில் நின்று தங்கள் ஆட்டத்தைக் காட்ட வழி இருக்க வேண்டும்.

தொலைவும் ஒரு தடைதான். இசைப் பல்கலைக்கழகம் இருக்கும் சென்னை, நாகர்கோவிலிலிருந்து ஏறத்தாழ 700 கிலோமீட்டர். பொறியியலுக்கும் செவிலியர் படிப்புக்கும் அவ்வளவு தூரம் அனுப்பத் துணிகிற பெற்றோர், நடனம் என்றதும் தயங்குகிறார்கள். ‘வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் இருந்தால் படிக்க வைப்பேன் டீச்சர்’ என்று என்னிடம் சொன்ன தாய்மார்களை நான் எண்ணிப் பார்த்ததில்லை. அவர்கள் சொன்னது மனத்தில் நிற்கிறது. அந்தப் பிள்ளைகள் இப்போது வணிகவியலும் ஆங்கிலமும் படிக்கிறார்கள். நன்றாகத்தான் படிக்கிறார்கள். சலங்கை மட்டும் அலமாரியில் இருக்கிறது.

வேலை கிடைக்குமா என்று பெற்றோர் கேட்பதற்குப் பூசி மெழுகாத பதில் சொல்ல நாம் கடமைப்பட்டவர்கள். பட்டம் ஒன்றே வேலையை உறுதி செய்யாது. ஆனால் நான் மேலே சொன்ன நடைமுறைப் பேராசிரியர் நிலையைத் தவிர, பட்டம் இல்லாமல் கல்லூரி ஆசிரியராகும் வாய்ப்பே கிடையாது. நெட் தேர்வில் நிகழ்த்துகலைப் பிரிவில் நடனத்துக்கு இடம் இருந்தும், அதன் வழி உதவிப் பேராசிரியர் தகுதி பெற முதுகலைப் பட்டம் வேண்டும்; பொதுப் பிரிவினருக்கு அதில் 55 விழுக்காட்டு மதிப்பெண்ணும் வேண்டும். பள்ளிகளிலோ, கலைத் திருவிழா நடத்தும் அரசே பயிற்சி பெற்ற நடன அமைப்பாளர்களை வட்டாரத்துக்கு ஒருவராக அமர்த்தினால், இந்தப் படிப்பை முடித்து வருபவர்களுக்கு முதல் வேலை அங்கேயே இருக்கும். இதற்காகப் பள்ளிக் கல்வித் துறையோடு நீங்கள் பேச வேண்டும். எங்களைப் போன்ற தனியாட்களின் கடிதம் அந்த மேசைவரை போய்ச் சேருவதில்லை.

அடுத்த கல்வியாண்டுக்கான பாடத்திட்டக் கூட்டத்துக்கு முன், உங்கள் குழுவிலிருந்து இருவரோ மூவரோ நாகர்கோவிலுக்கு வந்து, ஒரு நாள் முழுவதும் எங்களோடு அமர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். களியல் ஆசான்களையும், கூத்துக் கலைஞர்களையும், டான்ஸ் கிளாஸ் நடத்தும் ஆசிரியைகளையும், பிளஸ் டூ முடிக்கப்போகும் பிள்ளைகளையும் ஓரிடத்தில் கூட்டும் பொறுப்பை நான் ஏற்கிறேன். வரைவுப் பாடத்திட்டம் ஒன்றையும் சக ஆசிரியைகளோடு சேர்ந்து எழுதி வைத்திருக்கிறேன். நாள் குறித்துச் சொன்னால் அதை முன்கூட்டியே அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தக்கலை வட்டார நடன ஆசிரியை ஒருவர்