மூதாதை அல்ல, பக்கக் கிளை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் அறிவியல் பக்கத்தில், ஸ்பெகோமிர்மா ஃப்ரேயி என்னும் அழிந்துபோன எறும்பைப் பற்றிய கட்டுரையை மிகுந்த ஆர்வத்துடன் படித்தேன். ஆயினும், தலைப்பிலேயே அதை 'எறும்புகளுக்கெல்லாம் மூதாதை' என்று குறிப்பிட்டிருப்பது பிழை.

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஃப்ரே தம்பதியர் 1966இல் கண்டெடுத்த, மரப்பிசின் இறுகிக் கல்லான அம்பர் துண்டில், சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் அதில் சிக்கிய இரண்டு வேலைக்கார எறும்புகள் இருந்தன. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் அது எறும்பியல் அறிஞர் எட்வர்ட் வில்சனின் கைதவறித் தரையில் விழுந்து இரண்டாக உடைந்ததும், பாதிக்கு ஒன்றாக இரண்டு எறும்புகளும் சேதமின்றித் தப்பியதும் நினைக்கும்போதே நெஞ்சம் பதறச் செய்பவை. மறு ஆண்டே வில்சனும் சக ஆய்வாளர்களான கார்ப்பென்டரும் பிரவுனும் அந்த எறும்புக்கு, கிரேக்க மொழியில் 'குளவி எறும்பு' என்று பொருள்படும் ஸ்பெகோமிர்மா என்ற பெயரைச் சூட்டினர்.

அப்பெயர் மிகப் பொருத்தமானது. நம் வீட்டுச் சுவரில் ஊரும் எறும்பை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால், உணர்கொம்பின் முதல் கணு நீண்டு, முழங்கைபோல் மடிந்திருப்பது தெரியும். ஸ்பெகோமிர்மாவிலோ அந்தக் கணு குட்டை. எஞ்சிய பகுதி குளவிக்கு இருப்பதுபோல் நீளம். தாடையும் குளவியினுடையதைப் போன்றே குறுகி, இரண்டே பற்களைக் கொண்டது. ஆனால் இடையில் எறும்புக்குரிய கணுவும், மார்பின் பின்பகுதியில் எறும்பினத்தின் தனி அடையாளமான சுரப்பியும் இருந்ததால், இது எறும்பே என்று துணிய முடிந்தது.

இருந்தும் அது ஏன் மூதாதை ஆகாது? அதே நியூ ஜெர்சி அம்பரிலிருந்து 2000ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் கிரிமால்டியும் அகோஸ்டியும் விவரித்த கைரோமிர்மா நெஃபி என்னும் எறும்பு, மாமரத்தில் இலைகளைப் பிணைத்துக் கூடு கட்டும் முசுறும் கட்டெறும்பும் அடங்கிய துணைக்குடும்பத்தைச் சேர்ந்தது. முசுறு அமிலம் பீய்ச்சும் அந்தச் சிறு துளைகூட அதன் வயிற்று நுனியில் இருக்கிறது. இன்றைய எறும்பு மரபு அப்போதே தனியே பிரிந்து வாழ்ந்திருக்க, அதன் அருகில் வாழ்ந்த ஸ்பெகோமிர்மாவை எல்லா எறும்புகளுக்கும் தாயாக்குவது எப்படிப் பொருந்தும்? அது வழித்தோன்றல் இன்றி அற்றுப்போன பக்கக் கிளை. காலத்தாலும் அது முதலாவது அன்று. மியன்மார் அம்பரில் சுமார் 10 கோடி ஆண்டுப் பழமையுள்ள எறும்புகள் பல கிடைத்துள்ளன.

உங்கள் அறிவியல் பக்கத்தை வாரந்தோறும் வெட்டியெடுத்து எங்கள் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டிவருகிறேன். இந்தப் பக்கத்தை மட்டும் இன்னும் ஒட்டவில்லை. அடுத்த இதழில் திருத்தம் வெளியிட்டால், இரண்டையும் சேர்த்தே ஒட்டிவிடுவேன்.

இப்படிக்கு,
உயிரியல் ஆசிரியர் ஒருவர்,
தஞ்சாவூர்.