பாத்ரூம் சிலிகான் வேண்டாம்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பின படத்தைப் பார்த்தேன். கொட்டாங்குச்சியில் வாசல் வெட்டி, மேலே கூழாங்கல் வைத்து, உன் ஃபைட்டர் மீனுக்கு ஒரு வீடு. நன்றாக இருக்கிறது. ஆனால் கீழே 'பாத்ரூமுக்கு வாங்கின சிலிகான் பசை மிச்சம் இருக்கும்மா, அதையே போட்டுடறேன்' என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. அதைப் போடாதே.

நீ ஏழாவது படிக்கும்போது கொளத்தூரில் வாங்கி வந்தோமே, கப்பி மீன்கள், ஞாபகம் இருக்கிறதா? பதினொன்று. காலையில் எல்லாம் மேலே மிதந்தன. முந்தின ராத்திரி நீ தீனி கூடப் போட்டதால்தான் என்று நினைத்து அன்றைக்குப் பள்ளிக்கூடம்கூடப் போகவில்லை. நாங்களும் அப்படித்தான் நம்பினோம். அதற்கு முந்தின நாள் நானும் அப்பாவும் உடைந்த மண்சட்டியைச் சிலிகான் வைத்து ஒட்டி, விரலால் தொட்டுப் பார்த்து, காய்ந்துவிட்டது என்று தொட்டிக்குள் இறக்கியிருந்தோம். வீடு மாறும்போது அந்த டியூப் பரணில் கிடைத்தது. பின்பக்கம் பொடி எழுத்தில் 'ஆன்டி ஃபங்கல்' என்று இருந்தது. உன்னிடம் சொல்ல வேண்டும் என்று எத்தனையோ தடவை நினைத்தேன், சொல்லவில்லை. உன் மேல் தப்பே இல்லை கண்ணு. அந்தப் பசைதான்.

பாத்ரூம், சமையலறைக்கென்று விற்கிற சிலிகானில் பெரும்பாலும் பூஞ்சை பிடிக்காமல் இருக்க மருந்து கலந்திருப்பார்கள். பூஞ்சையைக் கொல்கிற மருந்து தண்ணீரில் கசிந்தால் மீனை மட்டும் விட்டுவைக்குமா? மீன்தொட்டிக்கு என்றே எழுதியிருக்கிற, நூறு சதவீத சிலிகானாகப் பார்த்து வாங்கு. அதில் வினிகர் வாடை வரும். பயப்படாதே, இறுகும்போது அசிட்டிக் அமிலம் வெளியேறுகிறது, அவ்வளவுதான். வாடை இருக்கும்வரை அது இன்னும் இறுகவில்லை என்று அர்த்தம். நாங்கள் செய்த இரண்டாவது தப்பும் அங்கேதான். மேல்தோல் 10, 20 நிமிடத்தில் காய்ந்துவிடும், உள்ளே களிம்பாகவே கிடக்கும். சிலிகான் காற்றில் இருக்கிற ஈரத்தை வாங்கித்தான் இறுகும், ஒரு நாளைக்கு 2, 3 மில்லிமீட்டர் ஆழம்தான் போகும். உன் அறையில் ஏசி ஓடிக்கொண்டே இருப்பதால் காற்று வறண்டிருக்கும், இன்னும் தாமதமாகும். மெல்லிசாகப் பூசினாலும் மூன்று நாள், கட்டியாக வைத்தால் ஒரு வாரம் விட்டுவிடு.

சின்னக் கல் ஒட்டவோ பாசியைக் கட்டவோ ஃபெவிக்விக் மாதிரியான பசை போதும். அது சயனோஅக்ரிலேட், தண்ணீர் பட்டதும் இறுகிவிடும், வெள்ளையாகப் பூத்துக்கொள்ளும், மீனுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் இடைவெளியை நிரப்ப என்று பஞ்சில் ஊற்றாதே, சட்டென்று கொதித்துப் புகையும், கை வெந்துவிடும். ஃபெவிகால் தண்ணீரில் ஊறிக் கரைந்து பால்போல் ஆகிவிடும். செருப்பு ஒட்டுகிற மஞ்சள் பசை பக்கமே போகாதே, அந்த வாடையே கரைப்பான்தான். இரண்டு டியூப் கலக்கிற எபாக்சி நன்றாக இறுகினால் சரி, அளவு கொஞ்சம் பிசகினாலும் இறுகாத பாகம் தண்ணீரில் கலக்கும், அதனால் உனக்கு அது வேண்டாம்.

ஒட்டுவதற்கு முன்னால் கொட்டாங்குச்சியில் துளி தேங்காய்கூட இல்லாமல் சுரண்டி, அரை மணி கொதிக்க வை. தண்ணீர் டீ நிறத்துக்கு வரும், அந்தக் கறையை ஃபைட்டர் விரும்பவே செய்யும். அப்புறம் நாரை உப்புத்தாளால் தேய்த்து, இரண்டு நாள் வெயிலில் போடு, ஈரத்திலும் தூசியிலும் சிலிகான் பிடிக்காது. கல்லில் ஒரு சொட்டு வினிகர் விட்டுப் பார், நுரைத்தால் சுண்ணாம்புக்கல், அதைத் தூர எறிந்துவிடு.

எல்லாம் இறுகினதும் நேரே தொட்டியில் போடாதே. வாளியில் ஒரு வாரம் ஊற வை, தினமும் தண்ணீர் மாற்று, மாற்றும்போது முகர்ந்து பார். மேலே எண்ணெய்ப் படலம் ஏதாவது தெரிந்தால் எனக்கு ஒரு படம் அனுப்பு. மீனை விடுகிற அன்றைக்கு முன்னால் ஒரு போன் போடு, ஒன்பது மணிக்கு மேலும் முழித்துத்தான் இருப்பேன்.

அம்மா