அவித்த முட்டையை வைத்து எல்லாப் புரதத்தையும் சொல்லிவிட முடியாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த புரதங்கள் பற்றிய கட்டுரையை எங்கள் வீட்டில் எல்லோருமே படித்தோம். பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கும் மகள் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறாள். இவ்வளவு கடினமான விஷயத்தைப் புரிகிற தமிழில் போட்டதற்கு முதலில் நன்றி. ஆனால் ஒரு வரி உறுத்திக்கொண்டே இருக்கிறது. அவித்த முட்டை பச்சை முட்டையாகாது, அதுபோல மடிப்பு ஒருமுறை குலைந்த புரதம் பழைய வடிவத்துக்குத் திரும்பவே திரும்பாது என்று எழுதியிருந்தது. புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த நீளச் சங்கிலி, அது தனக்குரிய வடிவில் மடிந்தால்தான் வேலை செய்யும், அதைத்தான் மடிப்பு என்கிறோம். முட்டை விஷயம் நம் அடுப்படியில் நாம் பார்ப்பதுதான். அதை எல்லாப் புரதத்துக்கும் நீட்டியதுதான் தவறு.

நான் ஒரு மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் பதினேழு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். பாக்டீரியாவிலிருந்து டிஎன்ஏவைப் பிரிக்கும்போது கூடவே ஆர்என்ஏவும் வந்து சேரும். அதை வெட்டி ஒழிக்க ரிபோநியூக்ளியேஸ் என்ற நொதியைச் சேர்ப்போம். மாட்டின் கணையத்திலிருந்து எடுக்கப்படும் இந்த நொதி பொடியாக வரும். அதில் டிஎன்ஏவை வெட்டும் வேறொரு நொதியும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கலாம். அதனால் பொடியைக் கரைத்து, குழாயை இறுக மூடி, 100 டிகிரியில் 15 நிமிடம் கொதிக்க வைப்போம். அப்புறம் மேசைமேல் வைத்து மெல்ல ஆறவிடுவோம். ஆறி முடிந்ததும் பார்த்தால், டிஎன்ஏவை வெட்டுகிற நொதி செத்திருக்கும். ரிபோநியூக்ளியேஸ் பழையபடி வேலை செய்யும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் மேலாளர் இதைச் சொன்னபோது நான் நம்பவில்லை. அன்று சாயங்காலமே செய்து பார்த்துத்தான் நம்பினேன்.

சரி, இந்த நொதிக்குள் நான்கு கந்தகப் பிணைப்புகள் இருக்கின்றன, துணியில் போட்ட தையல் மாதிரி. அந்தத் தையல்தான் வடிவத்தைத் திரும்ப இழுத்துக் கொடுக்கிறதோ என்று யாராவது கேட்கலாம். நியாயமான கேள்விதான். இதைத் தீர்த்து வைத்தவர் கிறிஸ்டியன் அன்ஃபின்சென். அமெரிக்காவில் பெதஸ்டாவிலுள்ள தேசிய சுகாதார நிறுவனத்தில் வேலை பார்த்த உயிர்வேதியியலாளர். அவர் தேர்ந்தெடுத்ததும் இதே நொதிதான். ஆர்மர் என்ற இறைச்சி நிறுவனம் இதைக் கிலோ கணக்கில் சுத்திகரித்து ஆய்வாளர்களுக்குக் கொடுத்திருந்ததால் அந்தக் காலத்தில் தாராளமாகக் கிடைத்தது.

124 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி அது. அன்ஃபின்சென் குழு அதை 8 மோலார் யூரியாவில் போட்டது. வயலுக்குப் போடும் அதே யூரியாதான். ஒரு லிட்டருக்கு அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகக் கரைத்தால் அந்த அளவு வரும். கூடவே மெர்கேப்டோஎத்தனாலும் சேர்த்தார்கள். மூடியைத் திறந்தாலே அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் திரவம் அது. கந்தகத் தையலைப் பிரித்துவிடுவது அதுதான். இப்போது மடிப்பும் இல்லை, தையலும் இல்லை. புரதம் வெறும் நூலாகக் கிடக்கிறது. ஆர்என்ஏவை வெட்டும் திறன் அறவே போய்விட்டது. பிறகு யூரியா, மெர்கேப்டோஎத்தனால் இரண்டையும் நீக்கிவிட்டுக் காற்றுப்பட விட்டார்கள். புரதம் தானாகவே மடிந்தது, தையலும் சரியான இடங்களில் விழுந்தது, வெட்டும் திறனும் ஏறக்குறைய முழுமையாகத் திரும்பியது. யாரும் அதற்கு வழி காட்டவில்லை.

அடுத்த சோதனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. இந்த முறை யூரியாவை நீக்காமலே தையல் விழவிட்டார்கள். எட்டு கந்தக முனைகள் இரண்டிரண்டாகச் சேர 105 வழிகள் உண்டு, அதில் சரியானது ஒன்றே ஒன்று. யூரியாவுக்குள் கண்டபடி சேர்ந்த புரதத்துக்கு ஒரு சதவீதத் திறன்தான் இருந்தது. பின்பு யூரியாவை எடுத்துவிட்டு மெர்கேப்டோஎத்தனாலைத் துளியளவு மட்டும் சேர்த்தார்கள். தப்பான தையல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து மாறி, சுமார் 10 மணி நேரத்தில் அந்தச் சிக்கல் பழைய நொதியாகவே ஆனது. வடிவத்துக்கான குறிப்பு அமினோ அமிலங்களின் வரிசையிலேயே இருக்கிறது என்ற முடிவுக்கு அவர் இப்படித்தான் வந்தார். 1961இல் வந்த ஆய்வு இது. 1972இல் வேதியியல் நோபல் பரிசின் பாதி அவருக்குக் கிடைத்தது. மறு பாதி இதே நொதியை ஆராய்ந்த ஸ்டான்ஃபோர்ட் மூர், வில்லியம் ஸ்டெய்ன் இருவருக்கும் போனது.

உங்கள் கட்டுரையின் கடைசிப் பத்தியில், ஆல்ஃபாஃபோல்ட் என்ற கணினி நிரல் வரிசையைப் பார்த்தே வடிவத்தைச் சொல்லிவிடுகிறது என்று சரியாக எழுதியிருக்கிறீர்கள். வரிசைக்குள் வடிவம் இல்லையென்றால் கணினி எதைப் பார்த்துச் சொல்லும்?

அப்படியானால் முட்டை ஏன் கெட்டியாகிறது? வெண்கருவில் புரதங்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. சூட்டில் ஒவ்வொன்றும் பிரியும்போது, தன் மடிப்புக்குத் திரும்புமுன் பக்கத்துச் சங்கிலியோடு சிக்கிக்கொள்கிறது. வரிசை அப்படியேதான் இருக்கிறது, மடிவதற்கு இடம்தான் இல்லை. 2015இல் அமெரிக்க, ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அவித்த வெண்கருவை யூரியாவில் கரைத்து, குழாயில் அதிவேகமாகச் சுழற்றி, அதிலிருந்த லைசோசைம் என்ற நொதியைச் சில நிமிடங்களில் வேலை செய்யும் நிலைக்கே மீட்டிருக்கிறார்கள். எல்லாப் புரதமும் இப்படி மீளும் என்று சொல்லவில்லை. உடலின் செல்களுக்குள்ளும் பல புரதங்களுக்கு மடிவதற்குத் துணை தேவைப்படுகிறது. அன்ஃபின்சென் குழுவே, தங்கள் குழாயில் 10 மணி நேரம் பிடிப்பது செல்லில் எப்படிச் சில நிமிடங்களில் நடக்கிறது என்று தேடி, தையலை மாற்றிப் போடும் ஒரு நொதியைக் கல்லீரலில் கண்டுபிடித்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நொதியின் வேலையை நிறுத்தும் தடுப்பான்களைப் பற்றிச் சொல்லும்போது கட்டுரை மருந்து மாத்திரையோடு நின்றுவிட்டது. தடுப்பான் நம் உடலுக்குள்ளேயே புரதமாகவும் இருக்கிறது. எங்கள் ஆய்வகத்தில் ஆர்என்ஏ வேலை நடக்கும் நாட்களில் இந்த ரிபோநியூக்ளியேஸ்தான் எங்களுக்குப் பெரிய தலைவலி. அதன் உறவுக்கார நொதிகள் நம் தோலிலேயே இருப்பதால் நிமிடத்துக்கொருமுறை கையுறை மாற்றுவோம். அப்போது ஃபிரீசரிலிருந்து ஒரு சின்னக் குழாயை எடுத்து ஐஸில் வைப்போம். அதில் இருப்பது ரிபோநியூக்ளியேஸ் தடுப்பான். குதிரை லாடம் போல வளைந்த புரதம். நொதியைத் தன் வளைவுக்குள் பிடித்தால் லேசில் விடாது. புரதத்தைப் புரதம் பிடிக்கும் பிடிகளில் இதைவிட இறுக்கமானவை மிகச் சிலவே. மனித நஞ்சுக்கொடியிலிருந்து 1977இல் இதைச் சுத்திகரித்த குழுவில் அதே ஸ்டான்ஃபோர்ட் மூரும் இருந்தார். இந்தத் தடுப்பானில் 32 கந்தக முனைகள் இருக்கின்றன. ஒன்றுகூடத் தையலாகச் சேரக் கூடாது, சேர்ந்தால் வடிவம் குலைந்து பிடி விட்டுவிடும். நொதிக்குத் தையல் வேண்டும், தடுப்பானுக்குத் தையலே ஆகாது. அதனால்தான் அந்தக் குழாயில் தையல் விழாமல் காக்கும் டைதையோதிரைட்டால் (டிடிடி) என்ற வேதிப்பொருளையும் கலந்தே அனுப்புகிறார்கள்.

அடுத்த இதழில் நான்கு வரியில் ஒரு திருத்தம் வெளியிட முடிந்தால் மிகவும் நன்றாக இருக்கும். என் மகளைப் போல எத்தனையோ பிள்ளைகள் அந்தப் பக்கத்தைப் பாடத்துக்கென எடுத்து வைத்திருப்பார்கள். அவள் நோட்டில் அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன். திருத்தம் வந்ததும் அதையும் அங்கேயே ஒட்டிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள்.

அன்புடன்,
ஆய்வகத்தில் பணிபுரியும் வாசகி,
மதுரை