நவம்பரில் அந்தத் தொலைக்காட்சியை அணைத்து வையுங்கள்

மும்பை மாட்டுங்கா வட்டார வங்கிக் கிளை மேலாளர்களுக்கு,

வணக்கம். கடந்த நவம்பரில், 78 வயதான என் தந்தையாரை ஓய்வூதியத்துக்கான வாழ்நாள் சான்று கொடுப்பதற்காக இங்குள்ள ஒரு கிளைக்கு அழைத்து வந்தேன். சுவரில் செய்திச் சேனல் அலறிக்கொண்டிருந்தது. டோக்கன் எண்களை இந்தியிலும் மராத்தியிலும் ஒரு குரல் மாறிமாறி அறிவித்தது. ஓய்வூதிய ஆணை எண்ணை எழுதிக்கொண்டிருந்த அப்பாவின் பேனா ஒரு கணம் நின்று, மீண்டும் ஓடியது. எட்டிப் பார்த்தேன்: ஆணை எண்ணின் நடுவே, அப்போது அழைக்கப்பட்ட 217 இருந்தது. "மறதி வந்துவிட்டது, டாக்டரிடம் காட்டுங்கள்" என்றார் கவுண்டரில் இருந்தவர். 31 ஆண்டுகள் பிழையில்லாமல் கணக்கு எழுதிய மனிதர் தலை குனிந்து நின்றார்.

அது மறதி அன்று. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ஆடம் கசாலியும் உடன் ஆய்வாளர்களும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், இளைஞர்களுக்கும் முதியவர்களுக்கும் முகங்களையும் இயற்கைக் காட்சிகளையும் கலந்து காட்டி, ஒருவகையை மட்டும் நினைவில் வைக்கச் சொன்னார்கள். கவனிக்க வேண்டியதைக் கவனிப்பதில் முதியவர்களின் மூளை பின்தங்கவில்லை. விலக்க வேண்டியதை அடக்குவதில்தான் பின்தங்கியது, அவ்வாறு அடக்க இயலாதவர்களுக்கே நினைவும் தடுமாறியது. அந்த அடக்கும் ஆற்றல் அழிந்துபோவதில்லை, தாமதமாக வருகிறது என்று 2008இல் மூளை மின்னலைகளைப் பதிந்து காட்டினார்கள். எல்லா முதியவர்களுக்கும் இது ஒரே அளவில் நேர்வதில்லை என்றாலும், நோயில்லாத இயல்பான முதுமையிலேயே நேர்வது என்பதை உங்கள் ஊழியர்கள் அறிந்திருக்க வேண்டும்.

ஆகவே, சான்று வாங்கும் மாதத்தில் தொலைக்காட்சியை அணைத்து, டோக்கன் எண்ணைத் திரையில் மட்டும் காட்டி, படிவம் எழுதும் மேசையைக் கவுண்டர்களிலிருந்து சற்றே தள்ளிப் போடுமாறு கேட்டுக்கொள்கிறேன். முதியவர்களுக்குக் காலை நேரத்தையே ஒதுக்குங்கள். அவர்களில் பெரும்பாலோருக்குக் கவனம் மாலையைவிடக் காலையில்தான் கூர்மையாக இருக்கிறது. எழுதிக்கொண்டிருப்பவரிடம் பக்கத்திலிருந்து பேச்சுக் கொடுக்காமல், அவர் நிமிரும் வரை பொறுத்திருக்க ஊழியர்களுக்குச் சொல்லுங்கள்.

கைப்பேசியில் முகத்தைக் காட்டி வீட்டிலிருந்தே சான்று அனுப்பலாம் என்பதை அறிவேன். ஆனால் இந்த ஆண்டும் படிவத்தைத் தாமே எழுதப்போவதாக அப்பா சொல்லிவிட்டார். நவம்பர் முதல் வாரத்தில், காலையிலேயே வருகிறோம்.

இப்படிக்கு,
ஓர் ஓய்வூதியரின் மகள்